கண்ணகை டீச்சரின் நாறல் பாட்டு

எங்கள் தில்லைமுனையில் மூக்குச் சிந்துவதற்கு ஒரு பாட்டு உண்டு. கை கழுவுவதற்கு ஒன்று, செருப்பைச் சோடி சோடியாகக் கழற்றி வைப்பதற்கு ஒன்று, பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டில் கண் வைக்காமல் இருப்பதற்கு ஒன்று. எல்லாம் கண்ணகை கட்டியவை. இருபத்தாறு வருடமாக எங்கள் ஊர் முன்பள்ளியில் அவள்தான் டீச்சர். இந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவளுடைய பாட்டுக்குத்தான் முதன்முதலில் மூக்குச் சிந்தினார்கள். களுவாஞ்சிக்குடியில் கந்தோர் உத்தியோகம் பார்க்கும் நிலோஜன்கூடத் தும்மல் வந்தால் அந்தப் பாட்டின் முதல் அடியை முணுமுணுப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

முறைக்கு அவள் எனக்கு மச்சாள். ஆகவே கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணிதத்தில் விழுந்தவள். இரண்டு தரமும் தமிழில் அதிவிசேட சித்தி, அதாவது முதல்தரத் தேர்ச்சி. அந்தச் சித்தியை வைத்தே எங்களை வாழ்நாள் முழுவதும் மிரட்டி வருகிறாள். எதுகை தவறிய வரியைக் கேட்டால் உப்பில்லாத கறியை வாயில் வைத்தவள் போல முகத்தைச் சுளிப்பாள். நான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். நான் எழுதி ஒட்டும் அறிவித்தல்களைச் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுப் போவாள்.

"மச்சான், 'அனைவரும் தவறாது சமூகமளிக்கவும்' எண்டு எழுதினா ஆர் வருவா? 'வராதவங்க வீட்டுக் கிணறு வத்தும்' எண்டு எழுதுங்க. ஓடி வருவாங்க."

அவள் சொன்னபடி ஒருமுறை எழுதினேன். மண்டபத்தில் இருக்க இடம் போதவில்லை.

அவள் கட்டிக்கொண்டது பழைய இரும்பு வியாபாரி வினாயகமூர்த்தியை. லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓட்டைச் சட்டி, செத்த பற்றரி, உடைந்த பைப் எல்லாம் வாங்குவார். அதிகம் பேசாத மனிதர். அவருக்குப் பாட வராது. அதனால் "பழைய இரும்பு பித்தளை" என்ற கூவலைக் கண்ணகையே தன் குரலில் பதிந்து கொடுத்திருந்தாள். வாங்கிவரும் சாமான்களுக்குள் சைக்கிள் மணியோ, வெண்கலத் தட்டோ, தட்டினால் ஓசை வரும் எதுவோ இருந்தால் அவர் அதை நிறுக்கமாட்டார். துடைத்து, முன்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அந்த முன்பள்ளியில் இருந்த மணிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தால் பிள்ளையாரே எழுந்து ஓடுவார் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார்.

கோவிட்டுக்கு முந்தின வருடம் அது நடந்தது. எங்கோ தூரத்தில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் சாமான்கள் ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி, வாகரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை முற்றத்துக்கு வந்திருந்தன. வினாயகமூர்த்தி அங்கிருந்து ஓர் உருளையை ஏற்றி வந்தார். பார்க்கத் தண்ணீர்க் குடம் அளவுதான். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது, உள்ளே அத்தனையும் ஈயம். வாவியில் வீச்சுவலை வீசுகிறவர்களுக்கு வலையின் விளிம்பில் கட்ட ஈயக்குண்டு வேண்டும். உருக்கி வார்த்தால் ஒரு வருடத்துக்குப் போதும் என்று நினைத்தார். ஈயத்தின் நடுவே ஓர் இரும்புக் குப்பி இருந்தது. அதை அறுத்தார். உள்ளே இருந்த தூள், சாக்குத் தொங்கவிட்ட இருட்டுக் கொட்டிலுக்குள் நீலமாக ஒளிர்ந்தது.

"இஞ்ச வந்து பார் கண்ணகை, நீலமணி மாதிரி மினுங்குது" என்று கூப்பிட்டார்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஐந்து வாரத்தில் அவர் போய்விட்டார். முதலில் வாந்தி, பிறகு தோல், பிறகு முடி. கொழும்பு ஆஸ்பத்திரியில்தான் அது கதிரியக்கம் என்று கண்டுபிடித்தார்கள். அவருடைய சட்டையைத் துவைத்த கண்ணகையின் வலது கையில் இரண்டு விரல்கள் இப்போதும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. முகமூடி போட்ட அதிகாரிகள் 'டிக்டிக்' என்று கத்தும் கருவியோடு வந்து வீட்டு வளவையே சுரண்டினார்கள். குப்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். மேல்மண், லான்ட்மாஸ்டர், மெத்தை, கதவு, அவர் போட்ட செருப்பு எல்லாவற்றையும் வாவிக்கரையில், தில்லை மரங்களுக்கு நடுவே இருக்கும் மேட்டில் குழி வெட்டி, கொங்கிறீட்டுக்குள் போட்டு மூடினார்கள். தில்லைப்பால் பட்டால் கண் போகும் என்று அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் விறகுக்கும் போவதில்லை. அதனால் அந்த இடம்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு நல்ல பெயர் தராது. பிரேதம் ஈயப்பெட்டியில் ஊருக்கு வந்தபோது, எங்கள் மயானத்தில் புதைக்கக்கூடாது, நிலத்தடித் தண்ணீர் நஞ்சாகிவிடும் என்று ஊர் திரண்டு ஒரு கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தை எழுதியது நான். ஊரில் என் கையெழுத்துத்தான் திறம். பெட்டியை எங்கே புதைத்தாலும் பயமில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். யார் கேட்டது? கடைசியில் வினாயகமூர்த்தியையும் அந்த மேட்டிலேயே, அவருடைய லான்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கொங்கிறீட் போட்டார்கள். கண்ணகை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வருடம் நிஸ்மியா என்று ஒரு பிள்ளை வந்தாள். காத்தான்குடிப் பெண், கொழும்பில் இந்தக் கதிரியக்க விசயங்களைப் பார்க்கிற கந்தோரில் வேலை. மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி அடித்து, மஞ்சள் பலகையில் மூன்று இதழ் போட்ட ஒரு கறுப்பு அடையாளத்தையும் நட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து, "என்ன, விசிறிப் படம் கீறிக் கிடக்கு, மின்சார சபைக் காணியா?" என்றார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நிஸ்மியா முன்பள்ளிக்கு வந்தாள். தற்செயலாக நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சர், அந்த மண்ணில உள்ள சாமான் முப்பது வருசத்துக்கு ஒருக்காப் பாதியாக் குறையும். பத்துத் தரம் பாதியானாத்தான் பயமில்ல. முந்நூறு வருசம்."

"ஓ."

"முந்நூறு வருசத்துக்கு முந்தி இஞ்ச ஒல்லாந்தர் இருந்தாங்க. அவங்க போர்டு வச்சிருந்தா இண்டைக்கு நம்மளால வாசிக்க ஏலுமா? ஒல்லாந்தர்ர ராச்சியம் போயிற்று. ஆபீசுக்கு அவங்க சொன்ன கந்தோர் எண்ட சொல்லு மட்டும் நம்மட வாயில கிடக்கு. வாயில கிடக்கிறதுதான் நிக்கும் டீச்சர். வெளிநாட்டிலயும் இதுக்குப் பாட்டுக் கட்டினா என்ன, கதை கட்டினா என்ன எண்டு பெரிய ஆக்கள் யோசிக்காங்க. ஒங்கட பாட்டத்தான் இந்த ஊர்ப் பிள்ளையள் மறக்கிறல்லியே. ஒரு பாட்டுக் கட்டித் தாங்க. அங்க ஒத்தரும் கிண்டப்படாது."

கண்ணகையின் முகத்தைப் பார்த்தேன். கணவன் செத்த பிறகு அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு வேலை வந்து உட்கார்ந்தது. மூன்று நாளில் பாட்டைக் கட்டிவிட்டாள்.

தில்லைமரக் காட்டுக்குள்ளே
தீ உறங்கும் மேடு கண்ணே
எல்லைதாண்டிப் போகவேணாம்
ஏழுதலைப் பூதம் காக்கும்.

நீலமணி போல மின்னும்
நெஞ்செரிக்கும் நஞ்சு கண்ணே
காலம்முந்நூ றானபின்னும்
கைபடாமல் காத்திடம்மா.

தில்லைக்கு எல்லை, நீலத்துக்குக் காலம். குறை சொல்ல ஓர் இடமில்லை. நீலமணி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன சொல்லை முந்நூறு வருடத்துக்குப் பாட்டில் வைத்துவிட்டாள்.

பாட்டு பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பாடினார்கள், பிறகு தாய்மார் தொட்டிலடியில் பாடினார்கள். யாரோ ஒரு பொடியன் உடுக்கு அடித்துப் பாடி, வாவியில் நிலா காயும் படத்தோடு யூடியூப்பில் போட்டான். தலைப்பு 'தில்லைமுனைப் பழம்பாட்டு'. தன் பெயரைப் போடவில்லை என்று கண்ணகை இரண்டு நாள் முறுமுறுத்தாள். பழம்பாட்டு என்று நம்புகிற அளவுக்குக் கட்டியிருக்கிறோமே என்று மூன்றாம் நாள் அவளே சமாதானமாகிவிட்டாள். வருடா வருடம் அவர் செத்த நாளில் வேலியடியில் பூவும் ஒரு விளக்கும் வைப்பாள். அதைப் பார்த்து இரண்டொரு பேர் வேலியில் நேர்த்திக்கடனுக்குத் துணி முடிந்து கட்டத் தொடங்கினார்கள். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு. பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து படுத்தெழும்பிய காலம். வைகாசிச் சடங்கின் கடைசி நாள், ஊரே அம்மன் கோயிலில். நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன், வாவிக்கரைப் பாதையில் ஒரு வான் நின்றது. ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடாத நேரத்தில் ஒரு வான்! கண்ணகையின் வீடு அந்தப் பக்கம்தான். அவள் எனக்கு முன்னமே கண்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

பட்டப்பகலில் ஆறு பேர் வேலியை வெட்டி உள்ளே போயிருந்தார்கள். சிவப்பு வேட்டி கட்டிய மந்திரக்காரர் ஒருவர் தட்டில் தேங்காயும் வெற்றிலையும் பரப்பி, ஒரு சேவலைக் காலில் கட்டி வைத்திருந்தார். இருவர் அலவாங்கு என்கிற கடப்பாரையால் கொங்கிறீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மூடியின் ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது. கண்ணகை வெட்டிய வேலிக்குள்ளால் உள்ளே போனாள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். ஏன் நின்றாய் என்று கேட்டால், பயம்தான்.

"நிப்பாட்டுங்க! உள்ள நஞ்சு கிடக்கு. கிண்டினா நீங்களும் சாவீங்க, ஊரும் சாகும்."

மந்திரக்காரர் மரியாதையானவர். "அம்மா, புதையல் உள்ள எல்லா ஊரிலயும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. பூதம் காக்குது எண்டா உள்ள என்னமோ இருக்கு. சும்மா கிடக்கிற மண்ணைப் பூதம் காக்குமா? நீலமணி எண்டு பாட்டே சொல்லுதே. நீலக்கல்லு அம்மா, நீலக்கல்லு!"

"அது நான் கட்டின பாட்டு!"

ஆறு பேரும் சிரித்தார்கள்.

"அம்மா, அது ஒல்லாந்தர் காலத்துப் புலவர் கட்டினது. ஒரு எதுகை தவறல்ல பாருங்க. இந்தக் காலத்தில ஆருக்கு அப்பிடிக் கட்ட ஏலும்?"

அந்த இடத்திலும் தனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று கண்ணகை பின்னாளில் என்னிடம் ஒப்புக்கொண்டாள். ஆனால் அலவாங்கு மறுபடியும் இறங்கியது. அவள் அழுதே விட்டாள்.

"என்ட புருசன் உள்ள கிடக்கார். அவர இதுக்குள்ளதான் புதைச்ச."

மந்திரக்காரர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். "கேட்டீங்களா? காவலுக்கு ஆளையும் புதைச்சிருக்கு. அப்ப பெரிய புதையல்தான்."

பாட்டைச் சொன்னாலும் புதையல், பூதத்தைச் சொன்னாலும் புதையல், பிணத்தைச் சொன்னாலும் புதையல். கண்ணகை கண்ணைத் துடைத்தாள். அடுத்து அவள் பேசியது பிள்ளைகளை அதட்டும் டீச்சர்க் குரலில்.

"சரி, உண்மையச் சொல்றன். சுனாமிக்குப் பிறகு இஞ்ச அகதி முகாம் இருந்த. அறுநூறு சனம். அத்தனை பேருக்கும் ஒரே கக்கூசுக் குழி. நிரம்பி வழிஞ்சு வயித்தோட்ட வருத்தம் வந்துதான் மேல கொங்கிறீட் போட்ட. வெளியில சொன்னா வெக்கம் எண்டு பூதக்கதையக் கட்டி விட்டிரிக்கு. கிண்டுங்க. நல்லாக் கிண்டுங்க."

அலவாங்கு பாதியில் நின்றது.

"அப்ப அந்த விசிறிப் படம்?" என்று ஒருவன் கேட்டான்.

"நாத்தம் தாங்க ஏலாம விசிறி பூட்டினவங்க. அதிண்ட படம்தான்."

அலவாங்கு பிடித்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். சத்தியமாக, முகம் சுளித்தான்! மந்திரக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, பூசைத்தட்டைத் தொடாமல், தீட்டு, தீட்டு என்று முணுமுணுத்தபடி வானுக்கு நடந்தார். மணலில் கையைத் தேய்த்துத் தேய்த்து மற்றவர்களும் போனார்கள். சேவலைக்கூட அவிழ்க்கவில்லை. அது பிறகு எங்கள் வீட்டில் இரண்டு வருடம் கூவியது.

கண்ணகை அந்த மேட்டில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள். அதற்குப் பிறகுதான் நான் வேலிக்குள் போனேன்.

நிஸ்மியா வந்து கருவியை வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு சாண் இடித்திருந்தால் மண்ணே வெளியில் வந்திருக்கும் என்றாள். மூலையைப் பூசி மூடினார்கள், வேலியில் வெட்டிய இடத்தை அடைத்தார்கள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுக் கருவியை மூடி வைத்தாள்.

"பயம் காட்டினா மனிசன் விலகிப் போவான் எண்டுதான் பெரிய பெரிய ஆக்களும் நினைக்காங்க டீச்சர்."

"அவங்கட ஊரில புதையல் கிண்டுறவன் இல்லப்போல" என்றாள் கண்ணகை. "பாட்டில பிழை விட்டுட்டன் மகள். இனிப் பாடாதீங்க எண்டு சொல்லவும் ஏலா. விட்ட பாட்ட ஆர் பிடிக்கிற? இன்னொரு பாட்டால அடிச்சுத்தான் விழுத்தணும்."

என்ன பாட்டு என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. நிஸ்மியா போன பிறகு கண்ணகை என்னைப் பார்த்தாள்.

"மச்சான், ஊர் அவர மயானத்துக்குள்ள விடல்ல. இப்ப நானே அவர் கிடக்கிற இடத்தப் பீக்குழி எண்டு பாடவா? பெஞ்சாதி பாடுற பாட்டா இது?"

"வேணாம் மச்சாள். நான் பெரிய எழுத்தில ஒரு போர்டு எழுதி வைக்கிறன்" என்றேன்.

"நீங்க எழுதினது போதும்."

மூன்று வருடமாக வராத ஏச்சு அன்றைக்கு வந்தது, மூன்றே சொல்லில். நான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் அவள் ஒரு பாட்டும் கட்டவில்லை. பிறகு ஒரு நாள் கஜானி பிள்ளையைக் கூட்டிப்போக முன்பள்ளிக்கு வந்தாள். கண்ணகையிடம் படித்து வளர்ந்த பெண், கலியாணம் முடித்து வெளியூரில் இருந்துவிட்டு இரண்டு வருடம் முன்புதான் கணவனோடு ஊருக்குத் திரும்பியவள்.

"டீச்சர், எங்கட வீட்டு மனிசன் அலவாங்கு இரவல் கேட்டுத் திரியிறார். கண்ணுக்கு முன்னால கிடக்கிறத வேற ஊரான் வந்து கொண்டு போறதா எண்டு கேக்கார். நான் சொன்னா நம்புறாரில்ல. இன்னும் ரெண்டு மூணு பேரும் சேந்திரிக்காங்க."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பார். அதனால் ஊர் ஆண்களில் பாதிப்பேர் வேற்றூர்க்காரர். கஜானியின் கணவன் வினாயகமூர்த்தியைக் கண்டதில்லை, அவர் செத்த விதத்தைப் பார்த்ததில்லை. பாட்டை மட்டும்தான் கேட்டிருந்தான். கண்ணகை அன்று பின்னேரம் என் வீட்டு வாசலில் வந்து நின்று இதைச் சொன்னாள்.

"மூணு வருசத்துக்கே இப்பிடி எண்டா முந்நூறு வருசத்துக்கு என்னெண்டு? கிண்டப்போறது என்ட பள்ளிப் பிள்ளையள்ர தகப்பன்மார் மச்சான்."

என்னிடம் யோசனை கேட்கத்தான் வந்தாள் என்று நினைத்தேன். இல்லை, முடிவைச் சொல்லவே வந்திருந்தாள். மறுநாள் காலை முன்பள்ளியில் இருந்து கிளம்பிய கூச்சல் சங்கக்கடை வரை கேட்டது.

மேட்டுக்குள்ள என்ன கிடக்கு?
பீக்குழி! பீக்குழி!
மூடியத் தூக்கினா என்ன மணக்கும்?
பீ மணக்கும்! பீ மணக்கும்!
தொட்ட கைய என்ன செய்வாய்?
கழுவினாலும் போகாது!
வாவித் தண்ணி வத்துமட்டும்
கழுவினாலும் போகாது!

பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? டீச்சரே பீ என்று சொல்லச் சொல்கிறாள்! விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டோடு ஒரு விளையாட்டும் இருந்தது. ஒருவர் மேட்டைத் தொட்டவர், அவர் துரத்துவார், அவருடைய கை பட்டவர்களுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நிஸ்மியா பிறகு இதைப் பார்த்துவிட்டு, கதிரியக்கத் தூள் பரவுவதைத் தன் கந்தோரில் ஒருவரும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை என்றாள்.

நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். கண்ணகையிடம் குறை கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. "எதுகையே இல்லையே மச்சாள்" என்றேன்.

"தெரிஞ்சுதான் விட்ட. நல்லாக் கட்டினாப் பழம்பாட்டு எண்டு கிண்ட வந்திருவாங்க."

கஜானியின் கணவன் இரவல் வாங்கிய அலவாங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுடைய மகளே அவனைச் சுற்றி ஓடிப் பாடியிருக்கிறாள். கூட்டாளிகளும் கேலி செய்திருக்கிறார்கள். பூதத்துக்குப் பயப்படாத ஆண்பிள்ளை கேலிக்குப் பயந்தான். ஆறு மாதத்துக்குள் அக்கம்பக்கத்து ஊர்களிலும் அந்த இடத்துக்குப் பீமேடு என்று பெயர் வந்துவிட்டது.

ஊர் சும்மா இருக்கவில்லை. வினாயகமூர்த்தியின் அக்கா சின்னத்தங்கம் முன்பள்ளி வேலியடியில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"என்ட தம்பி கிடக்கிற இடத்தப் பீக்குழி எண்டு பாட உனக்கு வாய் வந்திச்சே! நீ உருப்படுவியா?"

கண்ணகை பதில் சொல்லவில்லை. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, சின்னத்தங்கம் களைக்கும் வரை வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்னத்தங்கம் குடிக்கவில்லை. இன்றுவரை அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அந்த வருடம் அவர் செத்த நாள் வந்தபோது, பூவும் விளக்கும் எடுத்துக்கொண்டு கண்ணகை புறப்பட்டாள். நானும் கூடப்போனேன். வேலியில் முன்பு கட்டிய நேர்த்தித் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றோடு புதிதாக ஒரு துணியும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பீக்குழிக்கு ஆராவது விளக்கு வைப்பாங்களா மச்சான்?" என்றாள். "நான் வைக்கிறதப் பாத்துத்தான் இவங்க முடியிறாங்க. இண்டைக்குத் துணி முடிவாங்க. நாளைக்கு ஒரு சூலம் நடுவாங்க. அதுக்குப் பிறகு கோயில் கட்ட அத்திவாரம் வெட்டுவாங்க."

துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இரண்டு விரல் வேலை செய்யாது, முடிச்சு இறுக்கம், வெகுநேரம் எடுத்தது. நான் அவிழ்க்கப் போனேன், வேண்டாம் என்றாள். பூவை வாவியில் போட்டாள். விளக்கைக் கொளுத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த கிழமை பாட்டில் இரண்டு வரி கூடியிருந்தது. நான் அதை முதலில் கேட்டது நிஸ்மியா வந்த அன்றுதான். அவள் வருடத்துக்கு ஒருமுறை கருவியோடு வருவாள். அன்று முன்பள்ளிப் பிள்ளைகளை மரத்தடியில் வட்டமாக இருத்தி, பாட்டு நிற்கிறதா என்று சோதித்தாள்.

"பிள்ளையள், அந்த மேட்டில என்ன இரிக்கி?"

"பீக்குழி! பீக்குழி!"

"தொட்டா?"

"கழுவினாலும் போகாது!"

நிஸ்மியா சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதப் போனாள். பிள்ளைகள் நிறுத்தவில்லை. ஒரு பாதி கேட்டது, மறுபாதி பதில் சொன்னது.

"அங்க ஆரு இருக்கா?"

"ஆருமில்ல! ஆருமில்ல!"

"அங்க ஆரு இருக்கா?"

"ஆருமில்ல! ஆருமில்ல!"

கண்ணகை வட்டத்துக்கு நடுவே நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும் பக்கத்தோடு சேர்ந்து அவளும் பாடினாள். அவளுடைய குரல்தான் பெரிதாகக் கேட்டது. நிஸ்மியாவின் பேனை நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்ததும் கண்ணகை எங்கள் பக்கம் வந்தாள். முகம் வியர்த்திருந்தது, கண் காய்ந்திருந்தது.

"இப்பதான் பாட்டுச் சரி வந்திரிக்கு மகள்" என்றாள். "இனி அங்க ஒருத்தரும் போகமாட்டாங்க. நானுந்தான்."

சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி ஊற்றப் போனாள்.